தடைக்காலத்தில் அணைத்த சர்வர்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனம் பெருகும் காலம் என்று அரசு விதித்த தடை. நெடுங்காலம் அது மே 29 வரை, 45 நாளாகத்தான் இருந்தது. 2017இல் தமிழ்நாட்டுக் கரையில் அதை 61 நாளாக நீட்டினார்கள். காரைக்காலுக்கும் அதே தேதிகள். கூடுதலாக வந்த அந்தப் பதினாறு நாள் மீனவக் குடும்பங்களை என்ன பாடு படுத்தியது என்பது கரையில் எல்லோருக்கும் தெரியும். யாரும் நினைத்துப் பார்க்காத ஓரிடத்தையும் அது பதம் பார்த்தது. பட்டினச்சேரியில் இருந்த எங்கள் கம்பெனியின் டைரக்டரி சர்வரைச் சொல்கிறேன்.

பட்டினச்சேரி எனக்குச் சொந்த ஊர். திருமலைராயன்பட்டினத்தை ஒட்டிய மீனவர் கிராமம். வடக்கே காரைக்கால், தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போனவர்கள். நான் படித்துவிட்டு, கடல் உணவு ஏற்றுமதி செய்யும் ஒரு சென்னைக் கம்பெனியில் சிஸ்டம் அட்மினாகச் சேர்ந்தேன். அந்தக் கம்பெனிக்கு எங்கள் ஊர்ப் பக்கமே ஒரு யூனிட் உண்டு. ஏலத்தில் எடுத்த மீனை எடை போட்டு, தரம் பிரித்து, ஐஸ் வைத்து, லாரியில் ஏற்றுகிற இடம். அங்கே எது பழுதானாலும் "அந்த ஊர்க்காரரைக் கூப்பிடுங்க" என்று என் தலையில்தான் விழும். பஸ் செலவைக் கம்பெனி கொடுக்கும், அம்மா கையால் ஒரு வேளைக் குழம்பும் கிடைக்கும் என்பதால் நான் அதை மறுத்ததில்லை.

டைரக்டரி சர்வர் என்பது ஒரு நிறுவனத்தின் ஆள் பதிவேடு. யார் யார் வேலையில் இருக்கிறார்கள், அவர்களுடைய பாஸ்வேர்டு சரிதானா, எந்த ஃபோல்டரை யார் திறக்கலாம், எந்தக் கணினி நம்முடையது எல்லாம் அதற்குள் இருக்கும். காலையில் ஒருவர் கணினியில் பெயரும் பாஸ்வேர்டும் அடித்தால், "இவர் நம்மாள்தான்" என்று பின்னாலிருந்து சொல்வது அதுதான். 1988இல் எக்ஸ்.500 என்று ஒரு தரம் வகுத்தார்கள். அது கனமாக இருந்ததால், 1990களின் தொடக்கத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எல்டாப் என்று இளைத்த வடிவம் ஒன்றைச் செய்தார்கள். அந்த வழியில் வந்ததுதான் விண்டோஸ் 2000உடன் மைக்ரோசாஃப்ட் கொடுத்த ஆக்டிவ் டைரக்டரி. எங்கள் கம்பெனி அதை விண்டோஸ் 2000 காலத்திலேயே போட்டுவிட்டது. அதன் பிறகு சர்வர்கள் மாறின, விண்டோஸ் பதிப்புகள் மாறின. உள்ளே பதிவேடு மட்டும் அதே பழையதுதான். இந்தப் பழமை பின்னால் வேலை காட்டியது.

பதிவேடு சென்னையில் இருந்தால் போதாதா, பட்டினச்சேரிக்கு எதற்கு ஒரு நகல் என்று நிதிப் பிரிவில் வருடா வருடம் கேட்பார்கள். சென்னைக்கும் பட்டினச்சேரிக்கும் நடுவே சுமார் 300 கிலோமீட்டர். அந்தக் காலத்தில் யூனிட்டுக்கு வந்த இணைப்பு செம்புக் கம்பி வழியாக, நல்ல நாளில் 512 கேபிபிஎஸ். மழை பெய்தால் அதுவும் இல்லை. இணைப்பு அறுந்தாலும் அவரவர் கணினிக்குள் நுழைந்துவிடலாம். முன்பு நுழைந்த நினைவை அது வைத்திருக்கும். ஆனால் பொது ஃபோல்டர் திறக்காது, எடைச் சீட்டு அச்சாகாது, ஒரு கணினிக்கு இன்னொன்றின் முகவரி தெரியாது. வெளியே ஐஸ் வைத்த லாரி நிற்கும். ஐஸ் காத்திருக்குமா? அதனால் அங்கேயே ஒரு நகல் சர்வர். சென்னையில் நடக்கும் மாற்றங்கள் குறிப்பிட்ட இடைவெளியில் அங்கே போகும், அங்கே நடப்பவை சென்னைக்கு வரும். ரெப்ளிகேஷன் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். இரண்டு இடங்களுக்கு நடுவே அந்த இடைவெளியை மைக்ரோசாஃப்ட் 180 நிமிடம் என்று வைத்திருக்கும். குறைத்தால் 15 நிமிடம் வரை கொண்டுவரலாம்.

அந்த சர்வர் யூனிட்டின் மாடியில் இருந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் முக்கியமான பொருளைத் தரையில் வைக்க யாருக்கும் மனம் வராது. கட்டடம் கட்டும்போதே ஊர்ப் பெரியவர்கள் சொல்லி, கணினி அறையை மேலே தூக்கிவிட்டார்கள். சென்னைத் தலைமை அலுவலகத்திலோ சர்வர் அறை தரைத்தளத்தில். இறக்கி ஏற்ற வசதி என்று காரணம் சொன்னார்கள்.

2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரை புரண்டு ஈக்காட்டுத்தாங்கல், கிண்டித் தொழிற்பேட்டைப் பக்கமெல்லாம் மூழ்கியபோது எங்கள் அறையும் மூழ்கியது. ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று வைத்த இரண்டு டொமைன் கன்ட்ரோலர்களும் (விண்டோஸில் டைரக்டரி சர்வருக்கு அதுதான் பெயர்) ஒரே ரேக்கில் இருந்தன. இரண்டும் ஒன்றாகவே போயின. பேக்கப் எடுத்த டேப்புகள் பக்கத்து அலமாரியில், அவையும் போயின. கம்பெனியில் யார் யார் வேலை பார்க்கிறார்கள் என்பதைச் சொல்ல மிஞ்சியது பட்டினச்சேரி மாடியில் ஓடிக்கொண்டிருந்த பெட்டி ஒன்றுதான். எந்த நேரமும் கடல் கொண்டு போய்விடும் என்று அதைப் பார்த்துத்தான் பயந்திருந்தோம்.

அப்போதுதான் பேக்கப் கோப்பிலிருந்து நகல் சர்வர் எழுப்பும் வேலையை முதன்முதலாக உருப்படியாகச் செய்தேன். இதற்குச் சுருக்கமாக ஐஎஃப்எம் என்று பெயர். புது சர்வரை டைரக்டரிக்குள் சேர்க்கும்போது முழுப் பதிவேட்டையும் நெட்வொர்க் வழியாக இழுக்காமல், வட்டில் கொண்டு வந்த கோப்பிலிருந்து ஊற்றிக்கொள்வது. விண்டோஸ் 2003 காலத்தில் முழு சிஸ்டம் பேக்கப் எடுத்து, அதை வேறு ஃபோல்டரில் விரித்து, அங்கிருந்து செய்ய வேண்டும். 2008இலிருந்து என்டிடிஎஸ்யூடில் என்ற கறுப்புத் திரைக் கருவியிலேயே இரண்டு வரி அடித்தால் தேவையான கோப்புகளைத் தனியாக எடுத்துக் கொடுத்துவிடும். முதலில் சென்னை சர்வர்களிடம் இருந்த தலைமைப் பொறுப்புகளைப் பறித்துப் பட்டினச்சேரி சர்வரிடம் கொடுத்தேன். பிறகு கோப்பை எடுத்துக்கொண்டு வடக்கே கிளம்பினேன். கடலூர்ப் பக்கமும் அப்போது தண்ணீர்தான். சுற்றிச் சுற்றிச் சென்னை போய்ச் சேர்ந்து, புது சர்வர்களை அந்த வட்டிலிருந்து எழுப்பினோம். இம்முறை மாடியில்.

இனி 2017.

தடைக்காலத்தில் யூனிட்டை மூடுவது வழக்கம். ஃபைபர் படகுகள் போகும், ஆனால் அந்த மீனை வைத்து இவ்வளவு பெரிய யூனிட்டை ஓட்ட முடியாது. மூடும்போது மின்சாரச் செலவு குறைய எல்லாவற்றையும் அணைப்பார்கள், சர்வரையும் சேர்த்து. 45 நாள் தடை இருந்தவரை அதில் ஒன்றும் கெடவில்லை. திறந்ததும் சர்வரைப் போடுவோம். அது ஒன்றரை மாதச் செய்தியைச் சென்னையிலிருந்து கேட்டு வாங்கிக்கொண்டு ஓட ஆரம்பிக்கும். அந்த வருடம் சித்திரை பிறப்பதற்கு முன்பே மூடினார்கள். ஜூன் 14 முடிந்து, போன படகுகள் மீனோடு திரும்பி வர இன்னும் சில நாள். அதன் பிறகு சர்வரைப் போட்டபோது இரண்டு பக்க ஈவன்ட் லாகிலும் 2042 என்ற எண்ணோடு சிவப்புக் குறி. இந்த சர்வரோடு பேசி நெடுநாளாகிவிட்டது, இனி இதனோடு கொடுக்கல் வாங்கல் கிடையாது என்று அதற்குப் பொருள்.

ஏன் அப்படி ஒரு கண்டிப்பு? ஒரு பதிவேட்டில் புதிதாக ஒருவரைச் சேர்த்தால், அந்தப் பதிவே தன்னைப் பற்றிச் சொல்லும். நகல்கள் அதை வாங்கி எழுதிக்கொள்ளலாம். ஒருவரை நீக்கிவிட்டால்? இல்லாத பதிவு எப்படித் தன்னைப் பற்றிச் சொல்லும்? எங்கள் ஊரில் ஒரு சாவு விழுந்தால் உறவு முறை இருக்கும் கிராமத்துக்கெல்லாம் ஆள் விட்டுச் சொல்ல வேண்டும். அந்த நேரம் ஊரில் இல்லாதவன் ரொம்ப நாள் கழித்து வந்து, "பெரியப்பா எங்கே?" என்று வாசலில் நின்று கேட்டால் எப்படி இருக்கும்? டைரக்டரியும் நீக்கிய பதிவை உடனே தூக்கி எறிவதில்லை. அதன் விவரங்களில் பெரும்பாலானவற்றை உருவிவிட்டு, இறந்தது என்று முத்திரை குத்தி, மறைவாக ஓரிடத்தில் வைத்திருக்கும். ரெப்ளிகேஷனில் அந்த முத்திரைதான் செய்தியாக மற்ற சர்வர்களுக்குப் போகும். எல்லோருக்கும் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்பத்தக்க ஒரு கெடு முடிந்ததும், 12 மணி நேரத்துக்கு ஒரு முறை நடக்கும் குப்பை அள்ளலில் அது நிரந்தரமாகப் போய்விடும். அந்தக் கெடு விண்டோஸ் 2000 காலத்தில் 60 நாள். 2003இன் முதல் சர்வீஸ் பேக்குக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய டைரக்டரிகளுக்கு 180 நாள். பழைய டைரக்டரியை எத்தனை முறை மேம்படுத்தினாலும் அந்த எண் தானாக மாறுவதில்லை. எங்கள் டைரக்டரியில் அந்த எண் இருக்க வேண்டிய கட்டத்தைத் திறந்து பார்த்தேன். காலியாக இருந்தது. காலி என்றால் 60 என்று கணக்கு.

ஆக, 45 நாள் 60க்குள் அடங்கிவந்தது. 61 நாள் அடங்கவில்லை. டெல்லியிலும் சென்னையிலும் மீன்வளத் துறையில் உட்கார்ந்து கோப்பு எழுதியவர்களுக்கு இப்படியும் ஒரு விளைவு உண்டு என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

விளைவு வெறும் சிவப்புக் குறி இல்லை என்பதைப் பட்டினச்சேரி சர்வரை நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வைத்துப் பார்த்தபோது கண்டேன். யூனிட் மூடிய அந்த வாரமே கணக்கு முடித்து அனுப்பிய சூப்பர்வைசர் ஒருவரின் பெயர் அங்கே உயிரோடு இருந்தது. சென்னையில் அவர் பதிவை நீக்கி, கெடுவும் முடிந்து, முத்திரையும் அள்ளிப் போயாகிவிட்டது. அவர் போய்விட்டார் என்று இந்தப் பெட்டிக்குச் சொல்ல இனி உலகத்தில் எதுவும் மிச்சமில்லை. அவர் வந்து பழைய பாஸ்வேர்டை அடித்தால் பட்டினச்சேரியில் கதவு திறக்கும். சென்னையில் அப்படி ஓர் ஆளே கிடையாது.

இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரிஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றினால், "பரவாயில்லை, இதனோடு பேசு" என்று சர்வர்களைச் சம்மதிக்க வைக்கலாம். மிச்சமிருக்கும் பிணங்களைத் தேடி அகற்றவும் தனிக் கட்டளை இருக்கிறது. பெரிய டைரக்டரி, தவிர்க்க முடியாத நிலை என்றால் செய்ய வேண்டியதுதான். ஒரு சின்ன யூனிட்டின் சர்வருக்காக மொத்தப் பதிவேட்டையும் பணயம் வைக்க நான் தயாரில்லை. அழித்துவிட்டுப் புதிதாக எழுப்புவது என்று முடிவெடுத்தேன்.

எழுப்ப வேண்டும் என்றால் பதிவேடு வர வேண்டும். டைரக்டரிக் கோப்பு சுமார் ஒரு ஜிபி. அதோடு சிஸ்வால் என்று ஒரு பொது ஃபோல்டர். கம்பெனி விதிகள் இருக்க வேண்டிய அந்த இடத்தில் யாரோ எந்தக் காலத்திலோ மென்பொருள் நிறுவும் கோப்புகளைக் கொட்டி வைத்ததில் அது மூன்று ஜிபியாக ஊதியிருந்தது. நாலு ஜிபியை 512 கேபிபிஎஸ்ஸில் இழுத்தால், ஒரு நொடிகூட அறுபடாமல் ஓடினாலும் 17 மணி நேரத்துக்கு மேல். அந்த இணைப்பு 17 மணி நேரம் அறுபடாமல் இருந்த நாளை நான் பார்த்ததில்லை. சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்தால் ஒரு ராத்திரி.

அப்போதுதான் பெரிய சண்டை வந்தது. வெளித் தணிக்கையாளர் ஒருவர், கிளை இடங்களில் படிக்க மட்டுமேயான டொமைன் கன்ட்ரோலர் போடச் சொல்லி அறிக்கை கொடுத்திருந்தார். விண்டோஸ் 2008இல் வந்த வகை அது. அதில் எதையும் மாற்ற முடியாது. எல்லோருடைய பாஸ்வேர்டும் அதில் இருக்காது. அந்தக் கிளையின் ஆட்கள் என்று நாம் அனுமதித்தவர்களுடையது மட்டுமே தங்கும். பெட்டி திருடு போனால் அந்த ஒரு சிலருடைய பாஸ்வேர்டை மாற்றினால் தீர்ந்தது. இதற்கென்றே ஐஎஃப்எம்மிலும் ரகசியங்களை உருவிவிட்டுக் கோப்பு எடுத்துக் கொடுக்கும் வகை உண்டு. பாதுகாப்பு என்று பார்த்தால் அறிக்கையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் ஐடி மேலாளர் கேட்டார்: "அந்த யூனிட்ல ராத்திரி ஒரே ஒரு வாட்ச்மேன். பெட்டியைத் தூக்கிட்டுப் போனா என்ன பண்ணுவீங்க?"

"சென்னை மறுபடி முழுகினா என்ன பண்ணுவோம் மேடம்?" என்றேன்.

2015இல் பட்டினச்சேரியில் இருந்தது படிக்க மட்டுமேயான சர்வராக இருந்திருந்தால், அதிலிருந்து கம்பெனியை மறுபடி எழுப்பியிருக்க முடியாது. அதற்குத் தலைமைப் பொறுப்பைக் கொடுக்க முடியாது, பாஸ்வேர்டுகளும் இருந்திருக்காது. திருட்டுக்குப் பயந்தால் ஒரு வகை, வெள்ளத்துக்குப் பயந்தால் இன்னொரு வகை. இரண்டு பயமும் நியாயமானவை. மூன்றாவதாக வேறு ஊரில் நகல் வைக்கும் வசதியுள்ள கம்பெனி தணிக்கையாளர் சொன்னதைக் கேட்கலாம். எங்களுக்கு அந்த வசதி இல்லை. முழு நகலாகவே இருக்கட்டும், ஆனால் வட்டு முழுவதும் பிட்லாக்கரால் பூட்டி, பெட்டியை இரும்புக் கூண்டுக்குள் வைப்பது என்று மேடம் கையெழுத்துப் போட்டார். தணிக்கையாளருக்குத் திருப்தி இல்லை.

முழு நகலுக்கான கோப்பு என்றால், பையில் போவது கம்பெனியின் அத்தனை பேருடைய பாஸ்வேர்டு ஹாஷும், அதாவது பாஸ்வேர்டைச் சரிபார்க்க டைரக்டரி வைத்திருக்கும் உருமாற்றிய வடிவமும். ஐஎஃப்எம் எடுத்த ஃபோல்டரைத் திறந்தால் உள்ளே சிஸ்வாலைத் தவிர இரண்டு ஃபோல்டர் இருக்கும். ஒன்றில் என்டிடிஎஸ் டாட் டிட் என்ற பதிவேட்டுக் கோப்பு. இன்னொன்றில் ரிஜிஸ்ட்ரியிலிருந்து எடுத்த இரண்டு கோப்புகள். பதிவேட்டுக்குள் ஹாஷ்கள் மறைகுறியில்தான் இருக்கின்றன. அந்த மறைகுறியை அவிழ்க்கும் சாவியைத் தருவிக்கத் தேவையானது ரிஜிஸ்ட்ரி கோப்பில் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக வைத்தால்தான் புது சர்வர் எழும். இரண்டும் ஒன்றாகக் கிடைத்தால் திருடனுக்கும் அவ்வளவே தேவை. இந்த ஃபோல்டரைச் சாதாரண பென் டிரைவில் போட்டு மேசை இழுப்பறையில் மாதக்கணக்கில் விட்டு வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல பூட்டாகப் பார்த்து வாங்கி வாசலில் மாட்டியிருப்பார்கள்.

இன்னும் இரண்டு விஷயம். கோப்பு எடுக்கும் சர்வரும் எழுப்பப் போகும் சர்வரும் ஒரே விண்டோஸ் பதிப்பாக இருக்க வேண்டும். எங்களுடையது இரண்டும் 2012 ஆர்2. கோப்பின் வயது மேலே சொன்ன கெடுவுக்குள் இருக்க வேண்டும். போன தீபாவளிக்கு எடுத்த கோப்பு பத்திரமாக இருக்கிறதே என்று எடுத்துப் போட முடியாது. அதற்குள் போனவர்களை அந்தக் கோப்புக்கும் தெரியாது.

இந்த இடத்தில் ஒருவர் கேட்கலாம்: இவ்வளவு சுற்றுவானேன், ஓடுகிற சர்வரின் ஹார்ட் டிஸ்கை அப்படியே படியெடுத்து, அல்லது பழைய டிஸ்க் இமேஜை எடுத்து மாட்டிவிட்டால் ஆகாதா? ஆகாது. இதை விளக்கத்தான் ஜூனியர்களோடு அதிக நேரம் செலவழித்திருக்கிறேன். ஒவ்வொரு சர்வரும் தன்னிடம் நடக்கும் மாற்றங்களுக்கு வரிசை எண் போட்டுக்கொண்டே போகும். மற்ற சர்வர்கள், "அவனிடமிருந்து 5000 வரை கேட்டுவிட்டேன்" என்று குறித்து வைத்திருக்கும். பழைய இமேஜைப் போட்டால் அந்த சர்வர் 4000இலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கும். புதிதாகச் சேர்த்த ஆளுக்கு 4001 கொடுக்கும். மற்றவை, "5000 வரை எனக்குத் தெரியும்" என்று அதைக் கேட்கவே கேட்காது. சில நேரம் பிழைச் செய்திகூட வராது, எல்லாம் ஓடுவது போலவே இருக்கும். வாரங்கள் கழித்து, இங்கே இருக்கும் ஆள் அங்கே இல்லை, இங்கே மாற்றிய பாஸ்வேர்டு அங்கே செல்லவில்லை என்று ஒவ்வொன்றாக வெளிவரும். யுஎஸ்என் ரோல்பேக் என்பார்கள். மெய்நிகர் சர்வர்களை ஸ்னாப்ஷாட் எடுத்துப் பின்னோக்கித் தள்ளும் பழக்கம் வந்த பிறகு இது கொள்ளை நோய் மாதிரிப் பரவி, 2012இல்தான் மைக்ரோசாஃப்ட் அதற்கு ஒரு தடுப்பு வைத்தது. ஐஎஃப்எம்மில் இந்தச் சிக்கல் கிடையாது. புது சர்வர் பழைய கோப்பைத் தின்று வளர்ந்தாலும், தனக்கென்று புதிய அடையாள எண் ஒன்றை வாங்கிக்கொண்டுதான் மற்றவர்கள் முன்னால் போய் நிற்கும். சரியான முறையில் செய்த ரெஸ்டோரும் அப்படியே.

யூனிக்ஸ் பக்கம் ஓப்பன்எல்டாப்பில் இதே வேலை எவ்வளவோ வெளிப்படையானது. ஸ்லாப்கேட் என்று அடித்தால் முழுப் பதிவேடும் படிக்கக்கூடிய எழுத்துக் கோப்பாக வரும், கண்ணாலேயே பார்க்கலாம். எதுவரைக்குமான மாற்றம் இதில் இருக்கிறது என்ற முத்திரையும் அதற்குள்ளேயே இருப்பதால், புது சர்வரில் ஸ்லாப்ஆட் கொண்டு ஊற்றிவிட்டு ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளும். ரூட்டாக நின்று ஊற்றிவிட்டுக் கோப்புகளின் உரிமையை மாற்றாமல் விட்டால் சர்வர் எழாது. புதிதாகச் செய்பவர்கள் முக்கால்வாசிப் பேர் மாட்டுவது அங்கேதான். விண்டோஸ் எல்லாவற்றையும் மூடி மறைத்து நடத்துவதால், எங்கே நிற்கிறோம் என்று தெரியாமலே வேலை முடிந்துவிடும், அல்லது முடியாது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து காரைக்கால் போகிறவன் தமிழ்நாட்டிலிருந்து புதுச்சேரிக்குள் நுழைந்து, மறுபடி தமிழ்நாட்டுக்குள் வந்து, மறுபடி புதுச்சேரி யூனியன் பிரதேசத்துக்குள் நுழைவான். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன வரைபடம் அப்படி. நாலு துண்டாகக் கிடக்கும் அந்தப் பிரதேசத்தில் மாஹே கேரளத்துக்குள்ளும் ஏனாம் ஆந்திரத்துக்குள்ளும் இருக்கின்றன. அரசு வேலையில் அங்கே கணினி பார்க்கும் என் நண்பர்களுக்கு ரெப்ளிகேஷன் என்றால் என்ன என்று யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

கோப்பை எடுத்துக்கொண்டு யூனிட்டுக்குப் போனதும் முதல் வேலை உப்போடு. இரண்டு மாதத்துக்கு மேல் அணைந்து கிடந்த பெட்டி. கடல் காற்றுக்கு ஏசி ஓடாத அறை என்றால் கொண்டாட்டம். திறந்தால் ரேம் காலில் பச்சை பூத்திருந்தது. பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துத் துடைத்து மாட்டினேன். காளமேகப் புலவர் திருமலைராயன்பட்டினத்தின் மேல் அறம் பாடினார் என்று கதை சொல்வார்கள். அவர் ஒரு சர்வரை இங்கே பராமரித்திருந்தால் இன்னும் நாலு பாட்டு சேர்ந்திருக்கும். அடுத்தது கடிகாரம். மதர்போர்டு பேட்டரி செத்துக்கொண்டிருந்தது; பெட்டியைக் கழற்றி மாட்டியதில் தேதி பல வருடம் பின்னால் போயிருந்தது. டைரக்டரியில் லாகின் நடக்கும் கெர்பராஸ் முறைக்கு இரண்டு பக்கக் கடிகாரமும் ஐந்து நிமிடத்துக்குள் ஒத்திருக்க வேண்டும். ஐந்து ரூபாய் வித்தியாசத்துக்குப் பேரம் பேசி வாங்கிய பேட்டரியைப் போட்டு, நேரத்தைச் சரிசெய்த பிறகே மேற்கொண்டு தொட்டேன்.

பழைய ஹார்ட் டிஸ்குகளைக் கழற்றி எடுத்துவிட்டுப் புதியவற்றில் விண்டோஸ் நிறுவினேன். சென்னையில் இருந்த சகா இதற்குள் பழைய சர்வரின் பெயரைப் பதிவேட்டிலிருந்தும் டிஎன்எஸ் என்ற முகவரிப் பட்டியலிலிருந்தும் துடைத்திருந்தார். அதைச் செய்யாமல் புதியதைச் சேர்த்தால் மற்ற சர்வர்கள் இல்லாத ஆளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். பிறகு டொமைன் கன்ட்ரோலராக உயர்த்தும் படிவத்தில், கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டினேன். பத்து நிமிடத்தில் பதிவேடு வட்டிலிருந்து இறங்கிவிட்டது. அதன் பிறகு நெட்வொர்க்கில் வந்தது, கோப்பு எடுத்த நேரத்துக்கும் அந்த நேரத்துக்கும் நடுவே சென்னையில் நடந்த மாற்றங்கள் மட்டும். அந்த மெலிந்த இணைப்புக்கு அது ஒரு வாய் தண்ணீர் குடிப்பது போலத்தான்.

படிவம் முடிந்து பச்சை டிக் வந்ததும் கிளம்பிவிடக் கூடாது. ரெப்அட்மின் கட்டளையில் இரண்டு திசையிலும் பிழை எண்ணிக்கை பூஜ்யமா என்று பார்க்க வேண்டும். சிஸ்வால், நெட்லாகன் என்ற இரண்டு பகிர்வும் வந்துவிட்டனவா என்று பார்க்க வேண்டும். யூனிட்டின் ஐபி வரம்பு இந்த சர்வர் இருக்கும் தளத்தோடு சேர்ந்திருக்கிறதா என்றும். கடைசியாகச் சொன்னது விடுபட்டால், பக்கத்து அறையில் சர்வரை வைத்துக்கொண்டு எடைக் கணினிகள் சென்னைக்குப் போய் அனுமதி கேட்கும். அப்புறம் சென்னையில் ஒரு சோதனைப் பெயரைச் சேர்த்து இங்கே வருகிறதா என்று பார்த்து, அதை நீக்கி, இங்கேயும் நீங்குகிறதா என்று பார்ப்பேன். சேர்ப்பதைச் சோதிப்பவர்கள் நிறைய. நீக்குவதைச் சோதிப்பவர்கள் குறைவு.

திரும்பும் பஸ்ஸில் என் பையில் அந்தப் பழைய ஹார்ட் டிஸ்குகள். அவற்றிலும் கம்பெனியின் பாஸ்வேர்டுகள் எல்லாம், பிட்லாக்கர் போடாத காலத்தவை. சென்னையில் கொண்டுபோய் உடைத்துப் போட வேண்டும். காரைக்கால் எல்லையைத் தாண்டும்போது நண்டலாறு சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்திப் பைகளைத் துழாவுவார்கள். விலை குறைந்த புதுச்சேரிச் சாராயம் தமிழ்நாட்டுக்குள் போகாமல் தடுக்க. காவலர் என் பையைத் திறந்தார்.

"என்ன தம்பி இது?"

"கம்ப்யூட்டர் பார்ட்ஸ் சார்."

அடியில் பாட்டில் இருக்கிறதா என்று இரண்டு தரம் கையை விட்டுப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

நான் திரும்பி வந்து பத்து நாள் ஆகியிருக்காது, ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற நாசக்கார மென்பொருள் வந்தது. உக்ரைனில் ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாகக் கிளம்பி, டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தை உலகம் முழுக்க முடக்கியது. மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்கள் நடத்தும் முனையமும் நின்றது. எங்கள் கம்பெனி கன்டெய்னர்கள் தேங்கும் என்று தளவாடப் பிரிவு பதறியது மட்டும்தான் அப்போது எனக்குத் தெரியும். அடுத்த வருடம் வயர்ட் இதழில் ஆண்டி கிரீன்பெர்க் எழுதியதைப் படித்த பிறகுதான் உள்ளே நடந்தது தெரிந்தது. மெர்ஸ்க்கிடம் சுமார் 150 டொமைன் கன்ட்ரோலர்கள் இருந்தன. ஒன்று போனால் மற்றது இருக்கிறதே என்ற நம்பிக்கையில் எல்லாம் ஒன்றுக்கொன்று நகலாக இருந்தன. எல்லாமும் ஒரே நேரத்தில் அழியும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. கானாவில் ஒன்று மட்டும் பிழைத்தது. தாக்குதலுக்குச் சற்று முன்னால் அங்கே கரண்ட் போனதால் அது நெட்வொர்க்கில் இல்லை. அங்கிருந்த இணைப்பு மெதுவானது. நூற்றுக்கணக்கான ஜிபியை லண்டனுக்கு அனுப்ப நாள்கணக்கில் ஆகும். அங்கிருந்த ஊழியர் யாரிடமும் பிரிட்டிஷ் விசா இல்லை. ஒருவர் நைஜீரியா வரை பறந்து விமான நிலையத்தில் வட்டை இன்னொருவரிடம் கொடுக்க, அவர் லண்டனுக்குப் பறந்து, மெய்டன்ஹெட் அலுவலகத்தில் சேர்த்தார். அந்த ஒரு நகலிலிருந்து மற்ற எல்லாவற்றையும் எழுப்பினார்கள். நிறுவனத்துக்கு நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர்.

அந்தக் கட்டுரையைத் தணிக்கையாளருக்கு அனுப்பி வைத்தேன். பதில் வரவில்லை. நியாயமாகச் சொன்னால் அது அவருடைய வாதத்தை முறியடிக்கவும் இல்லை. கானா பெட்டியைப் பிழைக்க வைத்தது கரண்ட் போனதுதான், திட்டம் போட்டு வைத்த ஏற்பாடு எதுவும் இல்லை. ஓடும் நகல்கள் எத்தனை இருந்தாலும் ஓடாத ஒன்று தனியாக வேண்டும் என்பதுதான் அதிலிருந்து எனக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் பட்டினச்சேரியில் ஒரு கோப்பு எடுத்து, பூட்டிய வட்டில், கம்பி எதிலும் இணைக்காமல் இரும்பு அலமாரியில் வைப்போம். புதியதை வைக்கும் நாளில் பழையதை அழிப்போம்.

கெடு எண்ணை 180 ஆக்கிவிட்டேன். காலிக் கட்டத்தில் மூன்று இலக்கம் அடிக்கும் வேலை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரையேறிய பின் யூனிட் சில நாள் இருட்டில் கிடந்தபோது அந்தக் கெடு பக்கத்தில்கூட வரவில்லை. தடைக்காலத்தில் சர்வரை ஓடவிடச் சொல்லி யூனிட் மேலாளரிடம் கேட்டதில், மின் கட்டணச் சீட்டைக் காட்டினார். அதனால் ஓர் உடன்படிக்கை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வாட்ச்மேன் சர்வரைப் போட்டுவிட்டு எனக்கு போன் செய்வார். எங்கள் தெருக்காரர், மாமா முறை.

"மாப்ள, பொட்டிய போட்டாச்சு. ஏசியும் ஓடுது. எவ்ளோ நேரம் வச்சிருக்கணும்?"

"சாயந்திரம் வரைக்கும் ஓடட்டும் மாமா. நான் பாத்துட்டுச் சொல்றேன்."

முதல் முறை அவர் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டார். அதன் பிறகு திரையில் எதை எந்த வரிசையில் அழுத்த வேண்டும் என்று படம் போட்டு, தமிழில் எழுதி, லேமினேட் செய்து இரும்புக் கூண்டின் கதவில் கட்டியிருக்கிறேன். லேமினேஷன் ஓரத்தில் உப்பு ஏறிவிடுகிறது. வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.